இருபத்தோரு குப்பிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'தூசி அக்கா' என்று பெயர். வைத்தவர்கள் மூன்றாம் மாடிக்காரர்கள். கடலடியில் வெந்நீர் பீறிட்டு வரும் வெடிப்புகளை ஆராய்கிறவர்கள் அவர்கள். வரவேற்பறைச் சுவர் முழுக்க அவர்கள் எடுத்த படங்கள்தான்: கரும்புகை கக்கும் கல்தூண்கள், வாயே இல்லாத சிவப்புத் தலைப் புழுக்கள். பார்க்க வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். தரைத்தளத்தில், குளிர் அறையை ஒட்டியிருந்த அவளுடைய அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால்தான் என்ன இருக்கிறது? ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூசி.

அந்தத் தூசியை எண்ணுவது அவள் வேலை. கடலின் மேல்பகுதியில், வெயில் படுகிற தண்ணீரில் பாசிகள் வளர்கின்றன. அவற்றைச் சின்னஞ்சிறு பிராணிகள் தின்கின்றன, அவற்றை மீன்கள் தின்கின்றன. இத்தனையும் செத்தும் கழிந்தும் உதிர்ந்தும் பொடிப்பொடியாகக் கீழே இறங்குகின்றன. இருநூறு மீட்டருக்குக் கீழே பாசி வளரப் போதுமான வெளிச்சம் கிடையாது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே வெயில் என்ற பேச்சே இல்லை. அங்கே இருக்கிற உயிர்களில் பெரும்பாலானவை மேலிருந்து விழும் இந்தத் தூசியை நம்பித்தான் பிழைக்கின்றன. எவ்வளவு விழுகிறது என்று அளப்பதற்கு, ஆளைவிட உயரமான மஞ்சள் புனல் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் நிறுத்தி வைப்பார்கள். புனலின் அடியில் இருபத்தோரு குப்பிகள் வட்டமாகப் பொருத்தியிருக்கும். பதினேழு நாளைக்கு ஒரு குப்பி என்று தானே நகர்ந்துகொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை கப்பல் போய்ப் புனலைத் தூக்கி, நிறைந்த குப்பிகளைக் கழற்றிக்கொண்டு, புதியவற்றை மாட்டி இறக்கிவிட்டு வரும்.

தூக்குகிறவன் அவள் புருஷன்.

கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்கு அவன்தான் தலைவன். அங்கே அவனை 'முடிச்சு' என்பார்கள். எந்தக் கயிற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவான் என்பதால் வந்த பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு குப்பிப் பெட்டியை இறக்கி வைத்துக் கையெழுத்து வாங்க வந்தவன், அடுத்த நாள் பேனாவை மறந்துவிட்டேன் என்று வந்தான். அதற்கடுத்த நாள் எதை மறந்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, "உன் தூசியைத் தூக்கறவனைக் கட்டிக்கிட்டா சேதாரம் இல்லாம வரும்னு கணக்குப் போட்டுட்டே" என்று கேலி செய்வான். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி முதலில் நிறையப் பேசினார்கள், பிறகு கொஞ்சமாகப் பேசினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

அவர்களோடு மாமனாரும் இருந்தார். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். மீதியை இருபத்தாறு வயதில் ஒரு கம்பி வடம் கொண்டு போயிருந்தது. ஓடுகிற கயிற்றில் கை வைக்காதே, தொங்குகிற பாரத்தைத் தொடாதே. மகனுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தது இதைத்தான் என்று பெருமையாகச் சொல்வார்.

போன வருஷம் வந்த குப்பிகளில் பதினாலு கலங்கிப் போய் வந்தன. தூக்கும்போது புனல் கப்பலின் பக்கவாட்டில் இடித்ததில் உள்ளே இருந்ததெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஒரு வருஷத்து வேலை பாழ். ஆகவே இந்த முறை, கப்பலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கூப்பிட்டபோது அவள் அதைத்தான் முதலில் பேசினாள்.

"நாளைக்குத்தானே தூக்கறீங்க? இந்தத் தடவையும் கலங்கி வந்துச்சுன்னா நான் வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்துடுவேன். உங்க ஆளுங்களுக்கு அது ஏதோ தண்ணி வாளி மாதிரி."

"கோவிச்சுக்காதே. நானே கையால பிடிச்சு, குழந்தையைத் தொட்டில்ல விடற மாதிரி இறக்கி வெக்கிறேன். போதுமா?"

"செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசுவோம்" என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது.

கப்பல் கரைக்கு வந்த மறுநாள், கப்பல் சமையல்காரர் அவனுடைய பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செய்தி நாலு நாளைக்கு முன்பே போனில் வந்துவிட்டது. ஆனால் நடந்தது என்னவென்று முழுசாகச் சொல்ல ஓர் ஆள் வந்தது அப்போதுதான். பெரிய உடம்பு அவருக்கு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். மடியில் இருந்த பையைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

"காலைல பத்து மணி இருக்கும். நல்ல வெயில். கடல் மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணிக்கிட்டிருந்துச்சு. புனல் தண்ணிக்கு மேல வந்துடுச்சு. எப்பவும் ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, எல்லாரும் தள்ளி நின்னுதான் இழுப்பாங்க. அன்னைக்கு முடிச்சு, யாரும் கடல்ல விழாம இருக்க விளிம்புல கட்டியிருக்கிற சங்கிலியைக் கழட்டிட்டு, தானே போய் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டான். நான் சமையலறைக் கதவுல நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன். மெதுவாத்தான் இறக்கினான். அது தளத்துல உட்கார்ந்தும் உட்காராத நேரத்துல கப்பல் அந்தப் பக்கம் சாஞ்சுது. இவன் கால் வழுக்கிக் கடல்ல போயிட்டான்."

மாமனார் கேட்டார்: "மிதவைச் சட்டை போட்டிருந்தானா?"

"போட்டிருந்தான் அய்யா. கொக்கியில மாட்டிக் கிழிஞ்சிருக்கும்போல. ரெண்டாம் நாள் அது மட்டும் கிடைச்சுது. மூணு நாள் சுத்திச் சுத்தித் தேடினோம்."

"ஏன் கையால பிடிச்சான்?"

"தெரியல அய்யா. அது அவன் வழக்கமே இல்ல."

"நானும் அதைத்தான் சொல்றேன். அது அவன் வழக்கம் இல்ல" என்றார் மாமனார். பிறகு மருமகளைப் பார்த்தார், அவளுக்கு ஏதாவது தெரியுமா என்கிற மாதிரி. அவள் எழுந்து சமையல்காரருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தம்ளர் நிரம்பி வழிந்த பிறகும் அப்படியே நின்றாள்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனபோது குப்பிகள் குளிர் அறையில் காத்திருந்தன. பெட்டியைத் திறந்தாள். இருபத்தொன்றும் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடியில் கோடு போட்ட மாதிரித் தூசி படிந்து, மேலே திரவம் கண்ணாடியாய்த் தெளிந்து நின்றது. பதினெட்டு வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமாக அவள் பார்த்ததில்லை. மூடியை மறுபடி போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"வேற யார்கிட்டயாவது குடுத்து எண்ணச் சொல்றேன். நீங்க இதைச் செய்ய வேண்டாம்" என்றார் துறைத் தலைவி. கண்டிப்பான பெண்மணி, அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"வேண்டாம் மேடம். நானே செய்யறேன். இப்ப இல்ல."

"எப்போ?"

"தெரியல."

அவள் பழைய கலங்கல் குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் எதையாவது மீட்க முடியுமா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரைத்தளத் தாழ்வாரத்தில் கப்பல் ஆட்களின் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. பெயருக்கு நேரே 'கப்பலில்', 'கரையில்' என்று சீட்டு செருகியிருப்பார்கள். அவன் பெயருக்கு நேரே 'நீண்ட விடுப்பு' என்று இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் தன் அறைக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் கேட்டதற்கு, இறந்தவர் என்று கோர்ட் அறிவிக்கும்வரை அப்படித்தான் போட முடியும் என்றார்கள். அதற்கு ஒரு மனு. மனைவியும் தகப்பனாரும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டுவிட்டாள். மாமனார் போடவில்லை.

"பார்க்காம எப்படிம்மா போடறது? முப்பத்துநாலு வருஷத்துல ஒரு லிஃப்ட்டைக்கூட நான் குழிக்குள்ள இறங்கிப் பார்க்காம சரின்னு எழுதினது இல்ல. சட்டை கிடைச்சா ஆள் செத்தான்னு அர்த்தமா?"

"மாமா, மூணு நாள் தேடியிருக்காங்க."

"மேலதானே தேடினாங்க?"

மனு அலமாரியின் மேல் தட்டில் கிடந்தது. மாதம் ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் வரும். மாமனார் அதை வாங்கிப் படித்து, ஒழுங்காக மடித்து, மனுவுக்கு அடியில் வைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து துணி உலர்த்தினார்கள். அவன் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது மாமனார் சட்டை மாற்றிக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"நானும் வர்றேன். கீழ என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்தானே? எனக்குக் காட்டு."

ஆய்வுக்கூடத்து வாசலில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்ததும் வரவேற்பறைப் படங்களுக்கு முன்னால் அவர் நின்றார்.

"இது எல்லாம் அங்கேயா?"

"இல்ல மாமா. இது வேற இடம். பூமி வெடிப்பு விட்டு உள்ளேருந்து சூடா ரசாயனம் கலந்த தண்ணி வருது. அதை வெச்சுப் பிழைக்கிற கிருமிங்க இருக்கு. அந்தக் கிருமிங்களை வெச்சு இந்தப் புழுவெல்லாம் பிழைக்குது."

"வெயிலே வேண்டாமா இதுக்கு?"

"சாப்பாட்டுக்கு வேண்டாம். ஆனா அதுங்க சுவாசிக்கிற ஆக்ஸிஜன் மேல வெயில்ல உண்டானதுதான்."

"அப்ப முழுசா வெயிலை விட்டு யாரும் போகல" என்றார். அந்தப் புழுக்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவன் விழுந்தது இங்கே இல்லைங்கறே."

"இல்ல. அது சாதாரணத் தரை. சேறு."

அவள் அறையில் அவருக்கு ஒரு முக்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"எவ்வளவு ஆழம்?"

"மூவாயிரத்து எண்ணூறு மீட்டர்."

அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது உதட்டில் தெரிந்தது. "மாடிக்கு மூணு மீட்டர்னு வெச்சா ஆயிரத்து இருநூத்தி அறுபத்தாறு மாடி. நான் பார்த்ததுலயே பெரிசு நாப்பத்தெட்டு மாடி. அதுக்கே மேலேருந்து பார்த்தா குழியோட அடி தெரியாது." பிறகு, "வெயில் எத்தனையாவது மாடி வரைக்கும் போகும்?" என்றார்.

"செடி வளர்ற அளவுக்குன்னா அறுபத்தஞ்சு, எழுபது. அதுக்கப்புறம் மங்கிக்கிட்டே போகும். முன்னூத்தி முப்பதாவது மாடிக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது."

"மீதி தொள்ளாயிரம் மாடியும் இருட்டு."

"ஆமா மாமா."

"அந்த இருட்டுல என்ன சாப்பிடும், இருக்கறதெல்லாம்?"

அவள் குளிர் அறைக்குள் போனாள். எந்தப் பெட்டி என்று யோசித்துக்கொண்டு நின்றாள். கை தானாகவே புதிய பெட்டிக்குப் போனது. ஒன்பதாம் எண் குப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஏழு மாதமாகத் திறக்காத மூடியைத் திறந்து, சொட்டுக் குழாயால் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பை அவர் உயரத்துக்குச் சரிசெய்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"ஏதோ கண்ணாடிப் பெட்டி மாதிரி குட்டி குட்டியா இருக்கு."

"பாசியோட ஓடு. அது வெயில்ல வளர்ந்தது. பக்கத்துல நீளமா பழுப்பா இருக்கறது ஒரு பூச்சியோட எச்சம். மேலேருந்து அடிக்குப் போய்ச் சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். இதுதான் அங்க சாப்பாடு. இதுவும் ரொம்பக் கொஞ்சம். நூறு பங்கு மேல விளைஞ்சா ஒரு பங்குகூட அடிக்கு வராது. அதனால எல்லாமே பசியோடதான் இருக்கும் அங்க."

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டார்: "பெரிசா ஏதாவது விழுந்தா?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்த மனுஷர் குழிக்குள் இறங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவர்.

"ரெண்டு மணி நேரத்துல அடிக்குப் போயிருக்கலாம் மாமா. சரியா யாராலயும் சொல்ல முடியாது. போனதும் மோப்பம் பிடிச்சு வரும். விரல் நீளத்துக்கு இறால் மாதிரி ஒண்ணு, அப்புறம் மீனுங்க. அதுக்கப்புறம் நட்சத்திர மீன், கடல் அட்டை. சில மாசத்துல எலும்பு மட்டும்தான் இருக்கும். எலும்பு ரொம்ப நாள் இருக்கும். அங்க எதுவும் வீணாப் போகாது."

"அது எனக்கு ஆறுதலா இல்லம்மா."

"எனக்கும் இல்ல மாமா."

அவர் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினார். குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெக்கானிக்கின் கண். "கொஞ்சங்கூடக் கலங்கல" என்றார்.

"அவர் கையால பிடிச்சு இறக்கினார்ல. அதனால."

"அதுதான் எனக்குப் புரியல."

அப்போது சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசினதை, வாளி என்று சொன்னதை, தொட்டிலில் விடுகிற மாதிரி என்று அவன் சொன்னதை, செஞ்சு காட்டுங்க என்று தான் சொன்னதை. ஒரு வார்த்தையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பாதி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் குப்பியை மேஜையில், நடுவில், விழாத இடமாகப் பார்த்து வைத்தார். பையை எடுத்துக்கொண்டார்.

"பஸ்ல நானே போயிக்கிறேன்."

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் இல்லை. நாத்தனார் போன் பண்ணினாள். "அப்பா இங்க வந்திருக்கார் அண்ணி. ஒண்ணும் பேச மாட்டேங்கறார். ஏதாவது சண்டையா?"

"சண்டை இல்ல. இருக்கட்டும். வேளைக்கு மாத்திரை போடறாரான்னு மட்டும் பார்த்துக்கோ."

பத்தொன்பது நாள் அவர் வரவில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் அவள் ஒன்பதாம் குப்பியை எண்ணி முடித்தாள், பிறகு ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகத் தொடங்கினாள். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, தினமும் ஐந்து மணிவரை. எண்ணிக்கை ஒருமுறைகூடத் தவறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று தெரியாமல் தினமும் மிச்சமானது.

இருபதாம் நாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"சாவியை எங்கே வெச்சே?" மாமனார் குரல்.

"மீட்டர் பெட்டிக்குள்ள."

"சரி."

அவள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் யோசிச்சுப் பார்த்தேன்" என்றார். "நீ சொன்னது பெரிய தப்பு இல்ல. வேலை செய்யறவங்க பேசிக்கிறதுதான். அவன் கையை வெச்சதுதான் தப்பு. எனக்குப் புத்திக்கு அது தெரியுது. ஆனா உன்னைப் பார்த்தாக் கோபம் வருது. பொய் சொல்ல மாட்டேன்."

"வரட்டும் மாமா."

"உன் நாத்தனார் வீட்டுல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அவங்க மேலயும் எரிஞ்சு விழறேன். அதுக்கு, இங்க வந்தே கோபமா இருக்கலாம்னு வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வாயோரம் கொஞ்சம் கோணியது. இரண்டு பேருமே உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"அந்தப் பேப்பரை எடு."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை முதலிலிருந்து படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். "இறந்த இடம். கதவு எண், தெரு, ஊர்." படித்துவிட்டு அவளைப் பார்த்தார். "இதுல என்ன எழுதறது?"

அவள் தாளை வாங்கி, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதினாள். அவளுக்கு அது மனப்பாடம். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒட்டுகிற சீட்டில் எழுதுவதுதான். கட்டத்தில் இடம் பற்றாமல் எண்கள் ஓரத்தில் ஏறின. அதன் கீழே அவர் தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

கோர்ட் உத்தரவு வர இன்னும் நாலு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் தாழ்வாரத்துப் பலகையில் அவன் பெயர் இல்லை. அந்த இடத்தில் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்தியிருந்தார்கள். அதைத்தான் கேட்டு வாங்கினாள். ஆனாலும் அந்தப் பலகைக்கு முன்னால் அன்று அவளால் சீக்கிரம் நகர முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் இருபத்தோராம் குப்பி முடிந்தது. முடிவுகளைத் தலைவியின் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. கீழே கதவு திறந்து கிடந்தது. குழிக்குள்ளிருந்து மாமனார் குரல் கேட்டது. யாரோ புது மெக்கானிக்கிடம், "தம்பி, மெயினை அணைச்சியா? நீயே போய்ப் பார்த்தியா, இல்ல யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் படியேறினாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றாள். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக வராத அழுகை, ஒரு காரணமும் சொல்லாமல், அங்கே வந்தது. மேலே போகிறவர்கள் யாரும் வரக்கூடாதே என்று மட்டும் நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமனார் கிரீஸ் கையோடு ஏறி வந்தார். அவளைப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். முழங்கால் வலியில் முனகினார்.

"நிதானமா அழு" என்றார். "லிஃப்ட் ரெடியாக இன்னும் அரை மணி ஆகும்."